புலி, கயல், அல்லியிலை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இப்பகுதியில் சோழரின் புலி முத்திரையைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, குடந்தையிலிருந்து பொறையாறு வரை பலரும் சின்னங்களையும் அவற்றின் நிறங்களையும் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் பேரன், தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு வந்தபோது, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு படத்தைப் பரிசாகக் கொண்டுவந்தான். சிவப்புக் கேடயத்தின் நடுவே தங்கச் சிங்கம் நிற்கிறது. அது எங்கள் குடும்பத்தின் தொன்மையான சின்னமாம். "சிவப்பு வீரத்தைக் குறிக்கும், பொன்னிறம் வள்ளன்மையைக் குறிக்கும், சிங்கம் அஞ்சாமையைக் குறிக்கும்" என்று ஒரு விளக்கச் சீட்டும் கூடவே இருந்தது. பாஸ்போர்ட்டில் அவனுடைய குடும்பப் பெயர் என்று இருப்பது என் மகனின் பெயர். அந்தப் பெயரை நான் வைத்தே ஐம்பத்திரண்டு வருடங்கள்தான் ஆகின்றன. இந்தப் படத்தைப் பூஜை அறையில் மாட்டலாமா? — ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: பேரனின் அன்பில் குறையில்லை அம்மா. குறையெல்லாம் அவருக்கு விற்றவரின் சரக்கில்தான் இருக்கிறது. ஹெரால்ட்ரி எனப்படும் கேடயச் சின்னவியல், மேற்கு ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்ற வழக்கம். தலைக்கவசம் முகத்தை மறைத்த காலத்தில், எதிரே குதிரையில் வருகிறவர் நம்மவரா மாற்றாரா என்று தொலைவிலிருந்தே கண்டுகொள்ள, கேடயத்தில் தீட்டிய உருவமும் நிறமும் உதவின. பிறகு அது தந்தைக்குப் பின் மகனுக்கு என்று பரம்பரை உரிமையாகியது. இங்கிலாந்தில் இந்த உரிமைகளைப் பதிந்து காக்கும் சின்னக் கல்லூரி 1484இல் அரச பட்டயம் பெற்றது; இன்றும் லண்டனில் இயங்கிவருகிறது. அதன் விதிப்படி சின்னம் என்பது ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அவருடைய நேர் வழித்தோன்றல்கள் அதற்கு உரிமை பெறுவார்கள். ஒரே குடும்பப் பெயரை வைத்திருப்பதால் மட்டும் வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. அப்படியிருக்க, தந்தையின் பெயரையே தன் பெயருக்கு முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு 'குடும்பப் பெயர்ச் சின்னம்' என்று ஒன்றை விற்றது நல்ல வேடிக்கை.

விளக்கச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேடயச் சின்னவியலில் பொன், வெள்ளி என இரண்டு 'உலோகங்கள்' உண்டு. வரையும்போது மஞ்சளும் வெண்மையும் அவற்றுக்கு நிற்கும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை 'நிறங்கள்'. இவை தவிர, விலங்குத் தோலைப் போல வரையப்படும் சில கோலங்களும் உண்டு. இன்ன நிறத்துக்கு இன்ன குணம் என்ற அட்டவணை, பிற்கால நூலாசிரியர்கள் தங்கள் ரசனைக்கேற்ப எழுதிச் சேர்த்தது. ஒருவர் கறுப்பைத் துக்கம் என்பார், இன்னொருவர் உறுதி என்பார். கேடயத்தை முதலில் பூண்டவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் பெரும்பாலும் அது தெளிவாகத் தெரியும் என்பதும், பக்கத்துப் பிரபுவின் நிறத்தோடு குழம்பாது என்பதும்தான்.

உருவங்களில் ஒரு பகுதி வெறும் சிலேடை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஸ்பெயினில் காஸ்தில் நாட்டுக்குச் சின்னம் கோட்டை, லெயோன் நாட்டுக்குச் சின்னம் சிங்கம். அந்தந்த மொழியில் கோட்டையையும் சிங்கத்தையும் குறிக்கும் சொல்லே அந்தந்த நாட்டின் பெயராகவும் ஒலிப்பதே காரணம். இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் தாயார் பிறந்த போஸ்-லயன் குடும்பத்தின் கேடயத்தில் வில்களும் சிங்கங்களும் இருக்கின்றன. அவர்கள் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காரணம் விளங்கிவிடும். காளமேகப் புலவர் கண்டிருந்தால் ரசித்திருப்பார்.

படத்தைப் பூஜை அறையில் மாட்ட வேண்டாம். கூடத்தில், பேரன் வீட்டுக்கு வந்தால் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: சோழர் கொடியின் உண்மையான நிறம் என்ன? திரைப்படங்களில் ஒன்றில் சிவப்பாகவும் மற்றொன்றில் மஞ்சளாகவும் காட்டுகிறார்கள். புலிக்கும் கயலுக்கும் வில்லுக்கும் ஐரோப்பியச் சின்னங்களைப் போல விதிகள் இருந்தனவா? — கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: திரையில் காணும் நிறம் கலை இயக்குநரின் நிறம் என்று கொள்ளுங்கள். சோழரின் சின்னம் இன்று நம் கைக்கு எட்டுவது காசிலும் செப்பேட்டு முத்திரையிலும் தான். செம்புக்குச் செம்பின் நிறம் மட்டுமே உண்டு. ஐரோப்பியர்களுக்கும் இதே இடர் இருந்தது. அச்சுப் புத்தகத்தில் கறுப்பு மையால் கேடயத்தை வரைந்தால் நிறத்தை எப்படிக் காட்டுவது? 1638இல் பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவி வெளியிட்ட நூல் ஒரு கோட்டு முறையைப் பரப்பியது. புள்ளி வைத்தால் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி, செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், சாய்கோடுகள் பச்சை, செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் குறுக்கிட்டால் கறுப்பு. பழைய ஐரோப்பியக் கல்லறைக் கற்களிலும் வெள்ளிப் பாத்திரங்களிலும் சின்னத்துக்குள் நுண்ணிய கோடுகளைக் கண்டால், அவை அலங்காரம் என்று தள்ளிவிடாமல் இந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி முத்திரைக்கு வருவோம். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளை எடுத்துக்கொள்வோம். 31 ஏடுகள். ஒவ்வொன்றிலும் துளையிட்டு, எல்லாவற்றையும் ஒரு கனத்த வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தை முத்திரையால் மூடியிருக்கிறார்கள். முத்திரையை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ முடியாது. புலியின் முதல் வேலை அதுதான்: ஊரின் எல்லையும் வரியும் எழுதிய ஆவணத்தில் எவரும் கைவைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக உட்கார்ந்திருப்பது.

முத்திரையின் வட்டத்துக்குள் புலி அமர்ந்த நிலையில் இருக்கிறது. அதன் அருகே இரண்டு கயல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. வில்லும் இருக்கிறது. மேலே குடை, பக்கங்களில் சாமரங்கள், விளக்குகள். விளிம்பைச் சுற்றி கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம் ஓடுகிறது. பிற மன்னர்களின் முடிவரிசையில் பதிந்த மணிகளின்மீது இருப்பது பரகேசரிவர்மனாகிய இராசேந்திர சோழனின் ஆணை இது என்பது அதன் பொருள். மற்றவர் தலைமேல் என் ஆணை என்று சொல்வதற்கு மணிகளையும் முடிகளையும் இழுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கயல் பாண்டியருடையது, வில் சேரருடையது என்பது உங்களுக்குத் தெரியும். மாற்றாரின் சின்னம் சோழ முத்திரையில் ஏன் வந்தது? அந்த நாடுகளின்மீதும் ஆட்சி தனக்கே என்று உரிமை கொண்டாடுவதற்காக. ஐரோப்பாவில் இதற்கு இணையான செயலை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு செய்தார். பிரான்சின் அரியணை தனக்கே உரியது என்று கோரிய அவர், 1340இல் தம் கேடயத்தை நான்காகப் பகுத்து, தம் சிங்கங்களோடு பிரான்சின் பொன் அல்லிகளையும் சேர்த்துக்கொண்டார். பிரான்சில் பிடித்த நிலமெல்லாம் பின்னர் கைவிட்டுப் போயிற்று, ஆனால் அல்லிகள் மட்டும் 1801 வரை கேடயத்தைவிட்டு இறங்கவில்லை. உரிமைக் கோரிக்கை போனாலும் ஓவியம் போக மனம் வராது போலும்.

விதிகள் இருந்தனவா என்ற கேள்வியே எனக்கு மிகவும் பிடித்தது. நம் மூவேந்தருக்குக் கொடிச் சின்னத்தோடு அடையாளப் பூவும் உண்டு. சேரருக்குப் பனம்பூ, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. தொல்காப்பியம் மூன்றையும் ஒரே அடியில் அடுக்கிச் சொல்கிறது. போர்க்களத்தில் யார் எந்தப் பக்கம் என்று காட்டுவதே அதன் பயன். இந்த ஏற்பாடு ஒருமுறை பொருளற்றுப் போன இடத்தைப் புறநானூற்றின் 45ஆம் பாடல் காட்டுகிறது. உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைத்துக்கொண்டு இருக்கிறான், வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். இருவரும் சோழர். கோவூர் கிழார் இடையில் நின்று கேட்கிறார்: உன்னோடு பொருகிறவன் பனந்தோடு சூடியவனும் அல்லன், வேம்பு சூடியவனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே?

ஐரோப்பியர் இந்தக் குழப்பத்துக்கு ஒரு விதி வகுத்தார்கள். தந்தையின் கேடயத்தை மகன் அப்படியே பூணக்கூடாது, ஏதாவது ஒரு சிறு வேறுபாட்டைச் சேர்க்க வேண்டும். மூத்த மகனுக்கு, கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று பற்கள் தொங்கும் ஒரு பட்டை. பிரிட்டனின் பட்டத்து இளவரசர் இன்றும் அந்த வெள்ளைப் பட்டையோடுதான் சின்னத்தைப் பூணுகிறார். அந்த விதி உறையூரில் இருந்திருந்தால் வீரர்களுக்கு ஆளை அடையாளம் கண்டு வெட்டுவது எளிதாகியிருக்கும், கோவூர் கிழாருக்கோ சொல்ல வாதம் இருந்திராது.

புலி போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில், பண்டப் பொதிகளின்மேல் புலிச் சின்னத்தைப் பொறித்த பிறகே அவற்றை வெளியே விடுகிறார்கள். சுங்க முத்திரை! அதே பட்டினத்தில் கள் விற்கும் இடத்துக்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கொடி, நாவாய்ப் பாய்மரத்தின் உச்சியில் ஒரு கொடி. கொடியைப் பார்த்து இடத்தை அறியும் ஊர் அது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய இரும்புப் பெட்டியில் ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் முடி சூடிய கேடயத்தில் சிங்கம் தெரிகிறது, ஆனால் பாதிச் சிங்கம்தான். கீழ்ப்பாதி வளைவு வளைவான கோடுகள். மறுபக்கம் பெரிய எழுத்து ஒன்றில் இரண்டு சிறிய எழுத்துகள் தொங்குகின்றன; கீழே ஆண்டு தேய்ந்திருக்கிறது. சிங்கம் ஏன் பாதியாக நிற்கிறது? — வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சிங்கம் தேய்ந்துபோகவில்லை, தண்ணீரில் நிற்கிறது. அந்த வளைவுக் கோடுகள் அலைகள். இது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நெதர்லாந்தின் சீலந்து மாகாணத்தில் அடித்த 'டாய்ட்' என்னும் செப்புக்காசு. மறுபக்கத்தில் உள்ளது கம்பெனியின் பெயர்ச்சுருக்கம்: நடுவில் பெரிய 'வி', அதன் ஒரு கையில் 'ஓ', மறு கையில் 'சி'. ஆண்டுக்கு எதிர்ப்புறம், மேலே, சிறு கோட்டை ஒன்று மங்கலாகத் தெரிகிறதல்லவா? அது அக்காசைச் சீலந்தின் அக்கசாலையில் அடித்தார்கள் என்பதற்கான குறி. கம்பெனிக்காக இவ்வகைக் காசுகளை 1726 முதல் அடித்தார்கள். உங்கள் ஊரை டச்சுக்காரர் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றி, 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ஆகவே அந்தக் காசு உங்கள் பெட்டிக்கு வந்துசேர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

சீலந்து என்றால் கடல்நாடு. ஆறுகள் கடலில் கலக்கும் கழிமுகத்தில், தீவுகளும் கரைகளுமாகக் கிடக்கும் மண் அது; நம்மைப் போலவே வெள்ளத்தோடு வாழ்ந்து பழகியவர்கள். வண்ணத்தில் வரைந்தால் மேற்பாதி பொன், அதில் சிவப்புச் சிங்கம். கீழ்ப்பாதியில் நீலமும் வெள்ளியும் மாறி மாறி வரும் அலைகள். "போராடி மேலெழுகிறேன்" என்பது அந்த மாகாணத்தின் விருதுமொழி. பொருளை வெளியிலிருந்து யாரும் ஒட்டவைக்காமல், படமே தன் பொருளைச் சொல்லும் சின்னங்களில் இது ஒன்று. ஐப்பசி அடைமழையில் நடவு மூழ்கிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிங்கத்தின் நிலை புரியும். காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் ஆண்டு இருந்த சுவடும் போய்விடும்.

கேள்வி: தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது நம் பெரிய கோயில்தானே? — வாசகர், பாபநாசம்

பதில்: இல்லை. பெரிய கோயிலில் உயர்ந்து நிற்பது கருவறைமேல் எழுப்பிய விமானம். முத்திரையில் இருப்பது வாயிலின்மேல் எழும் கோபுரம். 1949இல் வரைந்த அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரா, மதுரையா என்ற வழக்கை அந்த ஊர்க்காரர்களே நடத்திக்கொள்ளட்டும். தஞ்சைக்கு அதில் பங்கில்லை.

கேள்வி: என் மகன் மத்திய அரசுப் பணியில் சேர்ந்திருக்கிறான். அவன் திருமண அழைப்பிதழின் மேற்புறத்தில் சிங்கச் சின்னத்தை அச்சிட விரும்புகிறோம். தடை உண்டா? — வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு. சாரநாத் தூணின் சிங்கங்கள் 1950 ஜனவரி 26 முதல் நாட்டின் சின்னம். அதைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். மீறினால் இரண்டாண்டு வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமிருக்கிறது. பிள்ளையார் சுழியும் குலதெய்வத்தின் பெயரும் போதும். மணமக்களுக்கு என் வாழ்த்துகள்.

கேள்வி: தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில், கிரீடத்தின் கீழே பின்னிக்கொண்டிருக்கும் உருவம் டென்மார்க்கின் அரசுச் சின்னம் என்று வழிகாட்டி ஒருவர் சொன்னார். ஆனால் டென்மார்க்கின் சின்னம் மூன்று சிங்கங்களும் இதயங்களும் என்று படித்திருக்கிறேன். எது சரி? இதயங்கள் அன்பைக் குறிக்கின்றனவா? — ஆசிரியை, பொறையாறு

பதில்: நீங்கள் படித்தது சரி. முகப்பில் இருப்பது பெயரெழுத்து முத்திரை. 1718இல் அந்த ஆலயம் எழுந்தபோது ஆண்டுகொண்டிருந்த நான்காம் பிரெடரிக்குக்கு உரியது. சீகன்பால்குவை இங்கு அனுப்பியவரும் அவரே. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், எந்தப் பழைய கட்டடத்தின் முன்னும் தடுமாற வேண்டியதில்லை. பெயரெழுத்து முத்திரை ஆளுக்கு உரியது. மன்னர் மாறினால் அதுவும் மாறும். கேடயச் சின்னம் நாட்டுக்கும் மரபுக்கும் உரியது. ஆள் மாறினாலும் அது நிற்கும். தரங்கம்பாடியில் புழங்கிய டேனிஷ் காசுகளிலும் முடி சூடிய பெயரெழுத்துகள் உண்டு. அந்த எழுத்தை வைத்தே காசு எந்த மன்னர் காலத்தது என்று நாணயம் சேர்ப்பவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

டென்மார்க்கின் கேடயம் பொன்னிறம். அதில் முடி சூடிய மூன்று நீலச் சிங்கங்கள் நடந்து செல்கின்றன. அவற்றைச் சுற்றி ஒன்பது சிவப்பு இதயங்கள். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆறாம் கனூத் என்ற மன்னரின் முத்திரையிலேயே இந்த அமைப்பைக் காணலாம். ஆனால் அந்த 'இதயங்கள்' தொடக்கத்தில் இதயங்கள் அல்ல. நீர் அல்லியின் இலைகள். அல்லியிலையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்: வட்டமான இலை, காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு. அதை அவசரமாக வரைந்தால் இதயம் போலத்தான் வரும். படியெடுத்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்துகொண்டே போக, இலையின் அடையாளம் மறைந்தது. எத்தனை என்ற கணக்கும் நெடுங்காலம் வரையறுக்கப்படாமல் இருந்து, 1819இல்தான் ஒன்பது என்று நிலைபெற்றது. சின்னவியல் எழுதும் டேனிஷ்காரர்கள் இன்றும் அவற்றை 'ஏரியிலைகள்' என்றே அழைக்கிறார்கள். அன்பு என்னும் பொருள் தவறாகப் படித்ததிலிருந்து பிறந்தது. அதற்காக அந்தப் பொருளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் டென்மார்க் மக்கள் இன்று அதையும் தங்களுடையதாகவே கொள்கிறார்கள்.

இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து அந்தக் கடற்கரைக்கு வந்தவர்கள், 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அடுத்தமுறை மாணவர்களை அழைத்துச் செல்லும்போது, போகும் வழியில் ஏதாவது ஒரு குளத்தருகே வண்டியை நிறுத்தி, ஓர் அல்லியிலையைப் பறித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பாடம் பாதி முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு ஒரு சின்னம் வரைய இருக்கிறோம். நெற்கதிர், புத்தகம், கோயில் குளம், கலப்பை, உதயசூரியன், புறா ஆகிய ஆறும் வேண்டும் என்கிறது குழு. நிறங்களாக மஞ்சள், வெள்ளை, இளநீலம் தேர்ந்திருக்கிறோம். இந்த நிறங்களுக்குப் பொருள் என்ன? — வட்டச் செயலர், மயிலாடுதுறை அருகே

பதில்: பொருளைப் பிறகு பார்ப்போம். முதலில், வெள்ளைமேல் மஞ்சளை வைத்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கேடயச் சின்னவியலின் தலையாய விதி இதைத்தான் சொல்கிறது: உலோகத்தின்மேல் உலோகம் கூடாது, நிறத்தின்மேல் நிறம் கூடாது. பொன்னும் வெள்ளியும் வெளிர், மற்றவை அடர். வெளிரின்மேல் அடர், அடரின்மேல் வெளிர். வாடகை வண்டியின் மஞ்சள் எண்பலகையில் எழுத்து ஏன் கறுப்பாக இருக்கிறது என்று பாருங்கள். சிலுவைப் போர்க் கால எருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளிமேல் பொன் சிலுவைகளை வைத்து இந்த விதியை மீறினார்கள். அந்த மீறலால்தான் இன்றும் அதைப் பேசுகிறார்கள். நீங்கள் மஞ்சளையும் அடர்ந்த நீலத்தையும் வைத்துக்கொண்டு வெள்ளையை விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஆறு உருவங்களில் நான்கைத் தயங்காமல் நீக்குங்கள். உதயசூரியனை முதலில் நீக்கினால் தேர்தல் காலத்தில் நிம்மதியாக இருக்கலாம். கதிர்க்கட்டு ஐரோப்பியச் சின்னங்களிலும் மரியாதை பெற்ற உருவம். இங்கிலாந்தில் செஸ்டர் பிரபுக்களின் நீலக் கேடயத்தில் மூன்று பொன் கதிர்க்கட்டுகள் உண்டு. அது கோதுமை. உங்கள் ஓவியரிடம் நெல்லைச் சரியாக வரையச் சொல்லுங்கள்: கோதுமைக்கதிர் விறைத்து நிற்கும், முற்றிய நெற்கதிர் தலை சாய்ந்து தொங்கும். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கப் பலகைகள் பலவற்றில், எங்கிருந்தோ பார்த்து வரைந்த கோதுமைதான் நெல்லாக நிற்கிறது.

கதிரோடு புத்தகம் ஒன்றே போதும். நீங்கள் ஊரின் பெயரை எழுதவில்லை. மயில், ஆல், மருது, புன்னை என்று ஏதாவது அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தால், புத்தகத்தையும் விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள். காஸ்தில்காரர்கள் கோட்டையை அப்படித்தான் எடுத்தார்கள். வரைந்த பிறகு, நிறம் தீட்டும் முன்பாக, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, வெறும் கறுப்பு மையில் ஒரு படி எடுத்து ரசீதுப் புத்தகத்தின் மூலையில் ஒட்டிப் பாருங்கள். நூலகத்துக்கு வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் அது என்ன என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள். நிறங்களின் பொருளை அப்போது பேசலாம்.